இந்த மஞ்சள் மீன் யார் பிள்ளை?

மலாவி ஏரியின் மேற்குக் கரையில், என்கட்டா பே என்ற துறைமுக ஊருக்கு வடக்கே, லயன்ஸ் கோவ் என்றொரு சிறிய வளைகுடா இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பாறை இடுக்குகளில் விரல் நீளத்தில் ஒரு மீன் வாழ்கிறது. உடல் முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள். முதுகுத் துடுப்பின் முன்முனையிலிருந்து வால் பக்கம் வரை மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. இதன் அறிவியல் பெயர் லேபிடோக்ரோமிஸ் செரூலியஸ். 1956இல் ஜெஃப்ரி ஃப்ரையர் இந்த இனத்தை விவரித்தபோது அவர் கையில் இருந்தவை மஞ்சள் மீன்கள் இல்லை. வெளிறிய, நீலம் பாய்ந்த வெள்ளை மீன்கள். ஏரியின் மற்ற இடங்களில் இந்த இனம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மஞ்சள் என்பது அந்தச் சிறு கரையோரத்தின் உள்ளூர் நிறம் மட்டுமே.

அந்த உள்ளூர் நிறம்தான் உலகம் சுற்றியது. சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் 'யெல்லோ லேப்' என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். சண்டை குறைவு, விலை மலிவு, வளர்ப்பது சுலபம். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு இதுதான் முதல் மீன். பக்கத்துத் தொட்டியில், பல கடைகளில் அதே தொட்டியிலேயே, இன்னொரு மீன் நீந்திக்கொண்டிருக்கும்: ரெட் ஸீப்ரா என்கிற மெட்ரியாகிளைமா எஸ்தரே. ஏரியின் எதிர்க்கரையான மொசாம்பிக் பக்கத்தில் வாழும் மீன் அது. பெண் ஆரஞ்சு நிறம். காட்டு ஆண்களில் பெரும்பாலானவை வெளிர் நீலம். தொட்டிகளுக்காகப் பொறுக்கி வளர்த்த வரிசைகளில் ஆணும் ஆரஞ்சாகவே இருக்கும். இயற்கையில் மஞ்சள் லேபுக்கும் ரெட் ஸீப்ராவுக்கும் நடுவே ஓர் ஏரியே கிடக்கிறது. தொட்டியில் அந்த இடைவெளி ஓரிரு அடி.

இப்படிச் சேர்ந்து வளர்ந்த கூட்டத்தில் பிறந்த குஞ்சுகள் யெல்லோ லேப் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. வாங்கி வளர்த்தவருக்கு ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வருகிறது. மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சடிக்கிறதே? துடுப்பில் கறுப்பு ஏறவில்லையே? இது அசல்தானா, கலப்பா? மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் இந்தக் கேள்விக்கு அறிவியல் ஓரளவு பதில் சொல்லும். எந்த அளவுக்கு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் இவ்வளவு எளிதாக இவை கலப்பது ஏன் என்று பார்ப்போம். மலாவி ஏரியில் 500க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் உண்டு. 800 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பரிணாமக் கணக்கில் இவை எல்லாமே நேற்றுப் பிறந்தவை. 2018இல் மிலான் மலின்ஸ்கியும் அவரது சகாக்களும் இந்த ஏரியின் 73 இனங்களைச் சேர்ந்த 134 மீன்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு இனங்களுக்கு இடையே உள்ள சராசரி வேறுபாடு 0.1 முதல் 0.25 சதவீதம்தான். எந்த இரண்டு மனிதர்களை எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்குள் ஏறத்தாழ 0.1 சதவீத வேறுபாடு இருக்கும். அதாவது, பல்லும் தாடையும் நிறமும் உணவும் முற்றிலும் வேறான இரண்டு மீன் இனங்கள் மரபணு அளவில் கிட்டத்தட்ட நம்மில் இருவர் அளவுக்கே விலகியிருக்கலாம்.

கழுதையும் குதிரையும் சேர்ந்தால் பிறக்கும் கோவேறு கழுதை மலடு. அந்த வேலி எழும்பப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். மலாவி, விக்டோரியா ஏரிகளின் சிக்லிட்டுகளுக்கு அந்தக் கால அவகாசம் கிடைக்கவே இல்லை. அதனால் நெருங்கிய இனங்களின் கலப்புக் குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன, முட்டையிடுகின்றன, பேரன் பேத்தி எடுக்கின்றன. 'கலப்பாக இருந்தால் குட்டி போடாதே, இது போடுகிறதே' என்று கடைகளில் சொல்லப்படும் வாதத்துக்கு இந்த மீன்களிடம் எந்த மதிப்பும் கிடையாது.

அப்படியானால் ஏரியில் இவற்றைப் பிரித்து வைத்திருப்பது எது? பெரும்பங்கு பெண் மீனின் கண். ஓலே ஸீஹாஸன் விக்டோரியா ஏரியில் செய்த ஆய்வு இதற்குப் பேர்போனது. புண்டமிலியா புண்டமிலியா என்ற இனத்தில் ஆண் நீலம். புண்டமிலியா நியரேரெய் இனத்தில் ஆண் சிவப்பு. பெண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரித்துச் சொல்வது கடினம். ஆய்வகத்தில் வெள்ளை விளக்கின் கீழ் ஒவ்வொரு பெண்ணும் தன் இனத்து ஆணையே தேடிப் போனது. விளக்கை ஆரஞ்சு நிற ஒளிக்கு மாற்றி, சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்தபோது அந்தத் தேர்வு கலைந்துவிட்டது. ஏரியிலும் இதுவே நடந்தது என்று 1997இல் ஸீஹாஸன், வான் ஆல்ஃபன், விட்டே மூவரும் எழுதினார்கள். கழிவும் மண்ணும் சேர்ந்து நீர் கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கின. இன எல்லைகளும் அழிந்தன.

தொட்டியில் நீர் தெளிவாகவே இருக்கிறது. அங்கே இல்லாதது தேர்வு. தன் இனத்து ஆண் இல்லாத தொட்டியில், அல்லது அது அடிபட்டு மூலையில் ஒளிந்துகிடக்கும் தொட்டியில், முட்டை முற்றிய பெண் எதிரில் ஆடும் ஆணோடு சேர்ந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மீன்கள் வாயில் முட்டையை வைத்து அடைகாப்பவை. மலாவி ஏரியில் பிடித்த பெண்களின் வாயிலிருந்த குஞ்சுகளை 1995இல் கெல்லாக்கும் சகாக்களும் மரபணுக் குறிகளால் சோதித்தபோது, ஒரே வாய்க்குள் இருந்த குஞ்சுகளுக்குப் பல தந்தைகள் இருந்தது தெரிந்தது. 'நான் கண்ணால் பார்த்தேன், லேபும் லேபும்தான் சேர்ந்தன' என்று வளர்ப்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அவர் பார்க்காத ஐந்து நிமிடத்தில் ஸீப்ராவும் அங்கே வந்துபோயிருக்கலாம். அதே ஈட்டில் பாதிக் குஞ்சு அசல், மீதி கலப்பு என்று ஆகலாம்.

சரி, மீனைப் பார்ப்போம். கடைகளின் நீல, ஊதா விளக்கில் எந்த மீனும் அழகாகத் தெரியும், எதுவும் புரியாது. வெள்ளை வெளிச்சம் வேண்டும். மீன் குறைந்தது இரண்டு அங்குலமாவது வளர்ந்திருக்க வேண்டும், பயந்திருக்கக் கூடாது.

பலர் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். நான் வாயிலிருந்து தொடங்கச் சொல்வேன். நிறத்தைத் தீனி மாற்றும், மனநிலை மாற்றும், ஹார்மோன் மாற்றும். எலும்பை இவற்றால் அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. லேபிடோக்ரோமிஸ் என்ற பேரினத்தை 1935இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் எத்தல்வின் ட்ரெவாவஸ் வகுத்தார். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சிப் புழுக்களையும் சிறு உயிரிகளையும் கிள்ளி எடுக்கும் மீன்கள் இவை. அதற்கேற்பக் கூர்ந்த முகம், சிறிய வாய், முன்வரிசையில் சாமணம் போல் நுனி கூர்ந்த பற்கள். மெட்ரியாகிளைமா மீன்களின் பிழைப்பு வேறு. பாறைமேல் படர்ந்த பாசியிலிருந்து தளர்வானதைச் சீவித் தின்பவை. மழுங்கிய முகம், அகன்ற வாய், முன்வரிசையில் இரண்டாகப் பிளந்த நுனியுள்ள பற்கள். பல்லை உயிரோடு இருக்கும் மீனிடம் பார்ப்பது கஷ்டம். ஆனால் பக்கவாட்டில் முகத்தின் கோட்டைப் பார்க்கலாம். மஞ்சள் மீன் ஒன்று தடித்த உதடும் உருண்ட நெற்றியுமாக ஸீப்ராவின் முகத்தோடு நின்றால், அதன் மஞ்சளை நம்ப வேண்டாம்.

அடுத்தது கறுப்பு. வளர்ந்த அசல் லேபுக்கு முதுகுத் துடுப்பின் பட்டை முன்னாலிருந்தே தொடங்கி முழு நீளத்துக்கும் போகும். வயிற்றுத் துடுப்புகளிலும் குதத் துடுப்பிலும் கறுப்பு ஏறும். ஆணிடம் அழுத்தமாக, பெண்ணிடம் சற்று மங்கலாக. எஸ்தரே இனத்துக்கு இந்தக் கறுப்பு இல்லை. கலப்பு மீனிடம் அது அழுக்குப் படிந்தது போல் விட்டுவிட்டு இருக்கும், பாதியில் நிற்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஆனால் கறுப்பு குறைவாக இருப்பதாலேயே கலப்பு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. குஞ்சுகளுக்குக் கறுப்பு மெல்லத்தான் ஏறும். அக்கறையில்லாமல் தலைமுறை தலைமுறையாக வளர்த்த அசல் வரிசைகளிலும் கறுப்பு மங்கிப்போகிறது.

மூன்றாவது, உடலில் செங்குத்துப் பட்டைகள். இதற்கு நான் அதிக எடை தருவேன். மஞ்சள் லேபின் உடலில் பட்டை கிடையாது. ஸீப்ராக் குடும்பத்தில் பட்டை ரத்தத்தில் ஊறியது. கலப்பு மீன் சும்மா நீந்தும்போது சுத்த மஞ்சளாகத் தெரியலாம்; சண்டையிலோ பயத்திலோ பக்கவாட்டில் மங்கலான சாம்பல் பட்டைகள் எட்டிப் பார்க்கும். ஆதிக்கம் செலுத்தும் அசல் ஆணுக்கு முகமும் வயிறும் கறுத்து அழுக்கேறியது போல் ஆவதுண்டு. அதையும் பட்டையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான்காவது, மஞ்சளின் சாயல். ஆரஞ்சு, பீச் பழ நிறம், சந்தன வெள்ளை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஆனாலும் நிறமி சேர்த்த தீனி போட்டால் அசல் மீனின் மஞ்சளும் அடர்ந்துவிடும். ஐந்தாவது, உருவம். ஏரியில் லேப் சுமார் 8 சென்டிமீட்டர். தொட்டியில் 10ஐத் தாண்டும். உடல் மெலிந்து, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். ஸீப்ரா அதைவிடப் பெரிது, பருமன்.

இந்த ஐந்தில் ஒன்று மட்டும் பிசகினால் நான் முடிவு சொல்ல மாட்டேன். முகமும் பட்டையும் சேர்ந்து பிசகினால் சொல்லிவிடுவேன். மீன் ஆய்வாளர்களின் பழைய முறையும் இதே வழிதான். அமெரிக்காவின் கார்ல் ஹப்ஸ் நன்னீர் மீன்களின் கலப்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1955இல் தொகுத்து எழுதினார். செதில் எண்ணிக்கை, துடுப்பு முட்களின் எண்ணிக்கை, உடல் அளவுகள் எனப் பல அடையாளங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மீன் எந்தப் பெற்றோரின் பக்கம் சாய்கிறது என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவது அந்த முறை. கலப்பு மீன் பெரும்பாலும் நடுவில் வந்து நிற்கும். சிக்லிட்டுகளில் இதற்கு விதிவிலக்கு உண்டு: இரண்டாம் தலைமுறைக் கலப்பில் சில குஞ்சுகள் இரு பெற்றோரின் எல்லையையும் தாண்டிவிடும். தாத்தாவிடமும் பாட்டியிடமும் இல்லாத முகம், இல்லாத நிறம் அவற்றிடம் தோன்றும். 'இது எந்த இனத்தோடும் பொருந்தவில்லையே, புதிய இனமோ?' என்று வியக்க வைக்கும் கடை மீன்களில் பல இப்படி வந்தவையே.

இங்கே ஒரு உபாயம் உதவும். ஒரு மீனைப் பார்க்காதீர்கள், அதன் கூடப் பிறந்தவற்றை எல்லாம் பாருங்கள். இரண்டு அசல் இனங்களின் முதல் கலப்புக் குஞ்சுகள் தங்களுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவை தங்களுக்குள் சேர்ந்து பெற்ற அடுத்த ஈட்டில் மரபணுக்கள் பிரிந்து விசிறியடிக்கும்: ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று பட்டையோடு, ஒன்று சாம்பல். முப்பது குஞ்சில் முப்பது முகம் தெரிந்தால் அந்தப் பெற்றோர் கலப்பு என்பதில் ஐயமில்லை. தனி மீனின் உடல் மறைப்பதை அதன் பிள்ளைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

சில மீன்கள் இவ்வளவு யோசனையே வைப்பதில்லை. ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட்டுகள் பலவற்றைக் கலந்து உருவாக்கப்பட்டது. எந்த ஆற்றிலும் அதற்கு மூதூர் கிடையாது. அதில் அசல் ஃபிளவர்ஹார்ன் எது என்று சண்டை போடுவது வேடிக்கை. தைவானிலிருந்து வந்த பேரட் மீனும் கலப்புதான். அதன் வாய் சரியாக மூடாது. சிக்லிட்டுகளுக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. பாவம், இரையை மெல்ல அது அந்தத் தொண்டைத் தாடையையே நம்பியிருக்கிறது. அழகுக்காக ஒரு உயிரின் வாயைக் கெடுத்து விற்பதை நான் ரசிக்க முடியாது.

ஓ.பி. பீகாக் என்ற மீனின் கதை இவற்றைவிடச் சுவையானது. பீகாக் என்பது மலாவி ஏரியின் அவுலோனோகாரா பேரினம். ஆரஞ்சு உடலில் கறுப்புத் திட்டுகள் தெளித்த ஓ.பி. வகை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஏரியின் அவுலோனோகாரா எதற்கும் அந்தத் திட்டு கிடையாது. அது எம்புனா எனப்படும் பாறை மீன்களின் சொத்து. அதாவது ஸீப்ராவும் லேபும் சேர்ந்த கூட்டத்தின் சொத்து. 2009இல் ராபர்ட்ஸ், செர், காக்கர் மூவரும் இந்தத் திட்டின் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். பாக்ஸ்7 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் அது. பாறை நிழலில் திட்டுள்ள உடல் பெண்ணுக்கு நல்ல மறைப்பு. ஆணுக்கோ கேடு, ஏனென்றால் பெண்ணைக் கவரும் நிறத்தை அது குலைத்துவிடுகிறது. இந்த மோதலைப் பரிணாமம் ஒரு தந்திரத்தால் தீர்த்திருக்கிறது: திட்டுக்கான மரபணுவோடு, பெண்ணாகப் பிறக்கச் செய்யும் இன்னொரு மரபணு ஒட்டிக்கொண்டே பயணிக்கிறது. ஆகவே ஏரியில் திட்டுப் போட்ட எம்புனாக்களில் ஏறக்குறைய எல்லாமே பெண். திட்டுள்ள ஆண் அபூர்வம். கடையில் நிற்கும் ஓ.பி. பீகாக்குகளோ பெரும்பாலும் ஆண்கள். எங்கோ யாரோ பீகாக்கையும் எம்புனாவையும் சேர்த்துவைத்து, பிறகு அந்த ஒட்டையும் அறுத்து வளர்த்திருக்கிறார்கள். இதற்கு மரபணுச் சோதனை தேவையில்லை. திட்டு ஒன்றே சாட்சி.

ஒரு ஈட்டின் ஆண் பெண் விகிதமும் இப்படிச் சாட்சி சொல்லும். நம்மூர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனும் ஒரு சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா அது. மலாக்காவில் ஆராய்ச்சி செய்த ஹிக்லிங் என்பவர் மொசாம்பிக் திலாப்பியாவின் பெண்ணையும் ஹார்னோரம் என்ற இனத்தின் ஆணையும் சேர்த்தபோது குஞ்சுகள் முழுக்க ஆணாகவே பிறந்ததை 1960இல் வெளியிட்டார். இரண்டு இனங்களும் பாலினத்தைத் தீர்மானிக்கும் முறை வேறு வேறு. இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும்போது கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது. தன் தாயகத்தில் இந்த மொசாம்பிக் திலாப்பியாவின் நிலை பரிதாபம். வளர்ப்புக்காகக் கொண்டுவிடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து, லிம்போப்போ போன்ற ஆறுகளில் அசல் கூட்டம் கரைந்துகொண்டிருக்கிறது. உலகமெங்கும் பெருகிக் கிடக்கும் ஒரு மீன், சொந்த ஆற்றில் ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் நிற்கிறது.

மறுபடி நம் மஞ்சள் மீனுக்கு வருவோம். இதுவரை சொன்னதெல்லாம் புதுக் கலப்புக்குப் பொருந்தும். பழைய கலப்பு வேறு ரகம். லேபும் ஸீப்ராவும் சேர்ந்து பிறந்த குஞ்சு மறுபடி அசல் லேபோடு சேர்ந்தால் அதன் பிள்ளைகளிடம் ஸீப்ராவின் பங்கு 25 சதவீதம். அவை மீண்டும் லேபோடு சேர்ந்தால் 12.5. அடுத்து 6.25. அதற்கடுத்து 3.125. இந்த மீன் ஓராண்டுக்குள் பருவம் எய்திவிடும். எனவே இவ்வளவும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒரு பண்ணையில் நடந்து முடிந்துவிடலாம்.

இப்போது நாம் பார்த்த ஐந்து அடையாளங்களும் ஐந்து தனித்தனி மரபணுக்களால் ஆனவை, ஸீப்ராவின் பிரதி ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும் என்று நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 25 சதவீதக் கலப்பு மீன் ஐந்திலும் அசலாகத் தோன்றி நம்மை ஏமாற்ற 32இல் ஒரு வாய்ப்புதான். கண்ணை நம்பலாம். ஆனால் 3.125 சதவீதக் கலப்பில் ஒவ்வொரு அடையாளத்திலும் அது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 16இல் ஒன்று மட்டும். ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு 72 சதவீதம். நூறு மீனில் எழுபத்திரண்டுக்கு நாம் அசல் என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம்.

ஐந்துக்குப் பதில் இப்படிப்பட்ட 50 மரபணுக் குறிகளைச் சோதித்தால் தப்புவது சுமார் 4 சதவீதமாகக் குறையும். அப்படியானால் டி.என்.ஏ. சோதனை செய்துவிடலாமே? இங்கேயும் தடைகள் உண்டு. மீனினங்களை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படுத்துவது இழைமணியின் டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தாய் லேப், தந்தை ஸீப்ரா என்றால் குஞ்சிடம் தாயின் இழைமணிதான் இருக்கும். சோதனை 'லேப்' என்றே சொல்லும், தந்தையைக் கண்டுகொள்ளாது. அதைவிட மோசம், எம்புனா இனங்கள் பல ஒரே இழைமணி வகைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இனங்கள் பிரிந்து காலம் ஆகாததால் மூதாதையரின் வேறுபாடுகள் எல்லா வீட்டிலும் இன்னும் கலந்தே கிடக்கின்றன.

உட்கரு டி.என்.ஏ.வைப் படித்தால்? மலின்ஸ்கி குழுவின் இன்னொரு எண்ணை இங்கே கொண்டுவர வேண்டும்: இனத்துக்குள் காணப்படும் மரபணு வேறுபாடுகளில் 82 சதவீதம் பிற இனங்களிலும் இருந்தது. 'இது இருந்தால் ஸீப்ரா, இல்லாவிட்டால் லேப்' என்று சொல்லக்கூடிய தனிக் குறிகள் குறைவு. ஆயிரக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் படித்து, கணக்கியல் முறையில் பங்கைப் பிரிக்கலாம். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க லயன்ஸ் கோவில் பிடித்த மீன்களின் மரபணுவும், மொசாம்பிக் கரையில் பிடித்த ஸீப்ராக்களின் மரபணுவும் கையில் வேண்டும். நூறு, இருநூறு ரூபாய் மீனுக்கு இதை யார் செய்யப்போகிறார்கள்?

ஆக, கலப்பு என்று ஒரு மீனைப் பார்த்துச் சொல்ல முடியும். பல நேரம் உறுதியாகவே சொல்ல முடியும். அசல் என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 'கலப்புக்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை' என்பதுதான் கண்ணால் தரக்கூடிய அதிகபட்சச் சான்றிதழ். அசல் என்பதற்கான சாட்சி மீனின் வரலாற்றில் இருக்கிறது: எந்தக் கரையில், எப்போது பிடித்தது, யார் கையில் எத்தனை தலைமுறை இருந்தது, எந்த மீன்களோடு சேர்ந்து வளர்ந்தது. டாங்கனிக்கா ஏரியின் ட்ரோஃபியஸ் மீன்களை வளர்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கரைக்குக் கரை நிறம் மாறி நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் வடிவங்கள் அந்த மீனுக்கு உண்டு; ஊர்ப் பெயர் இல்லாமல் அவர்கள் மீனை வாங்குவதில்லை. பெயரே தவறாகிவிட்ட மீன்களும் உண்டு. 'ஸீப்ரா ஆப்லிக்விடென்ஸ்' என்று விக்டோரியா ஏரியின் பெயரால் விற்கப்படும் மீன், உகாண்டாவின் கியோகா நீர்த்தொகுதியில் உள்ள நவம்பாஸா என்ற சிறிய ஏரியிலிருந்து வந்த வேறொரு இனம். அது அசலாகவே இருக்கலாம். சீட்டு மட்டும் பொய்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்கலாம். இயற்கையே கலக்கிறது. டாங்கனிக்காவின் நியோலாம்ப்ரோலோகஸ் மருங்குவென்சிஸ் என்ற இனம் இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது என்று 2002இல் சால்ஸ்பர்கரும் சகாக்களும் காட்டினார்கள். 2017இல் ஜோனா மெய்யர், ஸீஹாஸன் குழுவினர் இன்னும் பெரிய செய்தியை வெளியிட்டார்கள். விக்டோரியாவையும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளையும் நிறைத்திருக்கும் சுமார் 700 சிக்லிட் இனங்களுக்கும் மூலம் ஒரு பழைய கலப்பு. சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன், காங்கோவின் மேற்பகுதியிலிருந்து வந்த ஒரு வம்சமும் நைலின் மேற்பகுதியைச் சேர்ந்த ஒரு வம்சமும் சந்தித்தன. கண்ணின் நிறமிகளுக்கான மரபணு வகைகள் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்து, ஆழத்துக்கு ஆழம் வேறு வேறு ஒளியில் வாழக்கூடிய புதிய இனங்களுக்கு மூலப்பொருளாகின. பெண்ணின் கண்ணால் பிரிந்து நிற்கும் அந்த நீல, சிவப்புப் புண்டமிலியாக்களும் இந்தக் கலப்பின் பேரப்பிள்ளைகளே.

ஆகவே கலப்பு மீன் மட்டம், அசல் மீன் உயர்வு என்ற பேச்சுக்கு உயிரியலில் இடமில்லை. ரத்தத் தூய்மையைப் பற்றிய பெருமையை மனிதர்களிடம் பார்த்துச் சலித்தாகிவிட்டது. அதை மீனிடமும் கொண்டுபோக வேண்டாம். நல்ல கலப்பு மீன் ஆரோக்கியமாகவே வாழும். அதை வளர்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பழைய கலப்புக்குப் பின்னால் ஒன்றரை லட்சம் ஆண்டுக் காலமும், கடல் போன்ற ஏரியும், இயற்கைத் தேர்வும் இருந்தன. கடைத் தொட்டியின் கலப்புக்குப் பின்னால் இருப்பது இடநெருக்கடி மட்டும். அது புதிய இனம் எதையும் தருவதில்லை; இருக்கும் இனத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் 1980களில் பெருகி, சுமார் 200 சிக்லிட் இனங்களை இல்லாமல் ஆக்கியதாக மதிப்பிட்டார்கள். பிழைத்தவற்றில் சிலவற்றை மிருகக்காட்சிசாலைகளும் தனி வளர்ப்பாளர்களும் தொட்டிகளில் காப்பாற்றிவந்தார்கள். அப்படி ஒரு தொட்டியில் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க, ஒரு வேற்று இனப் பெண் தவறிப்போய் உள்ளே விழுந்தால் போதும். சில ஆண்டுகளில் சீட்டில் ஓர் இனத்தின் பெயர் இருக்கும், தண்ணீரில் அந்த இனம் இருக்காது. பிறகு ஏரியில் போய்ப் புதிதாகப் பிடித்து வரலாம் என்றால், ஏரியிலும் அது இல்லை.

மஞ்சள் லேபுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. லயன்ஸ் கோவ் பாறைகளில் அது இருக்கிறது. ஆனால் பழக்கம் என்பது மலிவான மீனில்தான் படியும். லேப் வளர்ப்பவர்கள் ஸீப்ராவைத் தனித் தொட்டியில் வையுங்கள். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களைச் சேர்த்து வளர்க்க வேண்டாம். பெண்களைப் பார்த்துப் பிரிக்க முடியாத இனங்களை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்க வேண்டாம். வாங்கும்போது பெற்றோரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முகமும் பட்டையும் சந்தேகம் தரும் மீன் உங்களிடம் இருந்தால் அதைக் கொல்லவும் வேண்டாம், குளத்தில் விடவும் வேண்டாம். ஆயுசுக்கும் வைத்துக் காப்பாற்றுங்கள். அதன் குஞ்சுகளை நண்பருக்கோ கடைக்காரருக்கோ கொடுக்க நேர்ந்தால், பையின் மேல் 'யெல்லோ லேப்' என்று எழுதாமல் 'கலப்பு' என்று எழுதிக் கொடுங்கள்.